கோர்ட் தீர்ப்பே வந்த இனப்படுகொலையை ஒரு அரசு எப்படி மறுக்க முடியுது?

நேரா 'நடக்கவே இல்ல'ன்னு சொல்றது கம்மிங்க, நம்பரை குறைப்பாங்க, 'ரெண்டு பக்கமும்தான் செத்தாங்க'ன்னு இழுப்பாங்க. போஸ்னியால ஸ்ரெப்ரெனிட்சாங்கிற ஊர எடுத்துக்கங்க, 1995 ஜூலைல 8,000 பேர் அளவுக்கு முஸ்லிம் ஆம்பளைங்களையும் பையன்களையும் போஸ்னிய செர்ப் படை கொன்னுச்சு, சில மாசத்துலயே அதை மறைக்க புதைகுழிய மிஷின் வச்சு தோண்டி உடம்புகளை வேற இடத்துக்கு மாத்துனாங்க, ஒரே ஆளோட எலும்பு ரெண்டு மூணு குழில கிடைச்சது இதனாலதான். ஆக மறுப்பு அப்பவே ஸ்டார்ட் ஆயிடுச்சு. 2001ல ஹேக் நகரத்துல இருந்த ஐ.நா. போர்க்குற்றத் தீர்ப்பாயம் இது இனப்படுகொலைன்னு சொல்லிருச்சு. 2004ல போஸ்னியாவுக்குள்ள இருக்குற செர்ப் தன்னாட்சிப் பகுதி அரசே கமிஷன் போட்டு கொலைகளை ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டுச்சு, கொடுமை என்னன்னா 2018ல அதே பகுதியோட சட்டசபை அந்த ரிப்போர்ட்டை தூக்கிப் போட்டுட்டு புது கமிஷனுக்கு வழி பண்ணுச்சு, அது 2021ல 'இனப்படுகொலை இல்ல'ன்னு எழுதிக் கொடுத்துச்சு.