பெட்டகசாலையில் ஒரு வெப்லி: வாசகர் கேள்வி – பதில்

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள் பற்றி நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: பூர்வீக வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து ஒழுங்குபடுத்தியபோது, பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போயிருந்த ஐயாவின் தகரப் பெட்டியில் தோல் உறையோடு ஒரு கனத்த ரிவால்வரும் ஏழெட்டுத் தோட்டாக்களும் கிடைத்தன. ‘வெப்லி மார்க் 6, 1917’ என்று பொறித்திருக்கிறது. நூறு வருஷப் பழசுக்கும் உரிமம் வேண்டுமா? – கானாடுகாத்தான் வாசகர்

ப: வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்குத் தருவது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கு மட்டுமே. 1917 வெப்லி அப்படிப்பட்டதல்ல. துருவைத் துடைத்து எண்ணெய் விட்டால் இன்றைக்கும் சுடும். ‘இது செத்துப்போன துப்பாக்கி’ என்று வீட்டிலிருப்பவர்கள் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்தது தோட்டா. வயதைவிட, மாடலைவிட, அது எந்தத் தோட்டாவை ஏற்கிறது என்பதே சட்டத்தில் முக்கியம். ஆயுத விதிகளின் முதல் அட்டவணைப்படி .380, .455 விளிம்புத் (அடியில் துருத்திய விளிம்புள்ள) தோட்டாக்களையோ, ராணுவ 9 மி.மீ., .45 விளிம்பில்லாத் தோட்டாக்களையோ ஏற்கும் எந்தக் கைத்துப்பாக்கியும் தடை வகை. மார்க் 6 என்றால் .455. இதற்கு உரிமம் தரும் அதிகாரம் கலெக்டருக்கு இல்லை, டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்குத்தான். உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

செய்ய வேண்டியது இதுதான். இருந்த இடத்திலேயே இருக்கட்டும். உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும் உருளையைத் திறந்து பார்க்க வேண்டாம். துணிப்பையில் போட்டு பஸ்ஸில் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகும் யோசனையும் வேண்டாம், வழியில் சோதனை வந்தால் விளக்கம் எடுபடாது. அறையைப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். பொறித்துள்ள எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் குறிப்பிட்ட ரசீது கட்டாயம் வாங்குங்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் வாரிசு தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. அதனால் ‘அடுத்த முன்னோர் படைப்புக்கு எல்லோரும் கூடும்போது பேசிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். அதே பெட்டியில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பழுப்பேறிய ஒரு தாள் பல கேள்விகளைக் குறைத்துவிடும்.

தோட்டாக்களில் பச்சை பூத்திருந்தால் சுரண்ட வேண்டாம். தோலைப் பதப்படுத்திய அமிலமும் ஈரமும் பித்தளையை அரித்த பச்சை அது. கிணற்றில் போடுவதும் விடையல்ல, அவற்றையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.

கே: அப்பச்சிக்கு 72 வயது. அவர் உரிமத்தில் உள்ள .32 ரிவால்வரை அவர் இருக்கும்போதே என் பெயருக்கு மாற்ற முடியுமா? – தேவகோட்டை வாசகர்

ப: முடியும். 2016 ஆயுத விதிகளின் 25ஆம் விதி, உரிமதாரருக்கு 70 வயதானாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்க இடம் தருகிறது. .32 தடை வகையல்ல, ஆகவே சிவகங்கை கலெக்டர் அலுவலகமே போதும். மற்ற வாரிசுகளின் சம்மதத்தை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள், கோப்பு நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். பரம்பரைத் துப்பாக்கியையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டுதான் என்ற வரம்பையும் மறக்க வேண்டாம்.

கே: எனக்கு உரிமம் கிடைத்துவிட்டது. உறவினர் ஒருவர் தன் பழைய .32 வெப்லியை விற்கிறேன் என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? – காரைக்குடி வாசகர்

ப: முனீஸ்வரன் கோவில் தெருவில் பீங்கானும் மரத்தூணும் பேரம் பேசி வாங்குவதுபோல் இதை வாங்க முடியாது. விற்பவர் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். அந்த 45 நாளைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். துப்பாக்கி அவரிடமே இருக்கட்டும், அவர் முன்னிலையில், காலியாக இருப்பதை இருவரும் கண்ணால் பார்த்த பிறகு சோதியுங்கள்.

ஃபிரேமில் உள்ள எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? ஓர் எழுத்து பிசகினாலும் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு பிடியை இறுகப் பிடித்துக் குழலை மேலும் கீழும் ஆட்டுங்கள். வெப்லி நடுவில் மடியும் ரகம். கீல் ஆணியும் மேல் கொக்கியும் தேய்ந்திருந்தால் கடகடவென்று ஆடும். அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது, விலையைக் குறைத்தாலும் வேண்டாம். பின்புறமுள்ள சுத்தியலான ஹேமரைக் கட்டைவிரலால் மிக மெல்லப் பின்னுக்கு இழுங்கள். அது முழுதாகப் போய் நிற்கும்போது தோட்டா உருளையான சிலிண்டரும் பூட்டிக்கொள்ள வேண்டும். அதில் தோட்டா நிற்கும் ஆறு அறைக்கும் தனித்தனியே பாருங்கள், ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. பிந்தினால் குண்டு குழலுக்கு நேராக நிற்காது, வாயிலில் உரசி ஈயத்தைப் பக்கவாட்டில் தெறிக்கும். ஏற்றிய ஹேமரை விரலால் முன்னுக்குத் தள்ளினால் விழக் கூடாது. விழுந்தால் உள்ளே கொக்கி தேய்ந்திருக்கிறது.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, மோட்டார் மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜால் (அளவு பொறித்த மெல்லிய தகடுகளால்) அளக்கலாம். 0.15 மி.மீ. நல்லது. 0.25ஐத் தாண்டினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, துப்பாக்கியைத் திறந்து, வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துக் குழலுக்குள் பாருங்கள். புள்ளிபுள்ளியான அரிப்பு மன்னிக்கத்தக்கது. வளையம்போல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் மன்னிக்கக் கூடாது. முன்பு ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதன்மேல் அடுத்ததைச் சுட்டதில் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள்.

தோட்டா வாங்கும்போது ‘.32’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ரிவால்வருக்கு உரியது விளிம்புள்ள .32 ‘லாங்’. பிஸ்டலுக்கான .32 ஏசிபி தோட்டாவும் அந்த அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் அதன் அழுத்தம் அதிகம். பொருந்துகிறது என்பதாலேயே சுடலாம் என்றாகிவிடாது.

கே: மாசர் சி96 பிஸ்டலை உரிமம் பெற்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர், ராணுவத் துப்பாக்கி என்பதால் கூடாது என்கிறார் இன்னொருவர். எது சரி? – புதுவயல் வாசகர்

ப: குழலைப் பொறுத்து இரண்டுமே சரி. வழக்கமான சி96 என்பது 7.63 மி.மீ., நம் ஆட்கள் ‘.30 மாசர்’ என்பது. அது தடைப் பட்டியலில் இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மானிய ராணுவத்துக்கென்று 9 மி.மீட்டரில் செய்தவற்றின் பிடியில் சிவப்பில் 9 செதுக்கியிருக்கும். அது தடை வகை. பிடியின் மரக்கட்டையை மாற்றிவிட முடியும் என்பதால் எண்ணை நம்பாமல் குழலில் தோட்டா நிற்கும் அறையை அளக்கச் சொல்லுங்கள்.

கே: ஐயா காலத்து ரிவால்வருக்கு ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறோம். இப்போது ட்ரிக்கர் அசையவே மறுக்கிறது. – பள்ளத்தூர் வாசகி

ப: ஆச்சி, குற்றவாளி அந்த எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் நாள்பட்டால் கெட்டுப்போய்ப் பிசுபிசுத்துவிடும். அதில் தூசியும் சேர்ந்தால் பசைதான். உரிமதாரர், தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மரப் பிடியைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தட்டும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும். உறையில் வைக்காமல் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். அடுத்த பூஜைக்குச் சந்தனப் பொட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதையும் அன்றே துடைத்துவிடுங்கள்.

கே: டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன் சோவியத் ராணுவத்தின் பழைய டோகரேவ் பிஸ்டல் ஒன்று வாங்கப் போகிறானாம். கவலையாக இருக்கிறது. – கோட்டையூர் வாசகர்

ப: மகனின் விசா எது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதல் கேள்வி. எச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. கிரீன் கார்டு என்றால் கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து வாங்கலாம்.

வாங்கினால், கிடங்கில் பூசிய கெட்டிக் கிரீஸோடுதான் வரும். வெளியே துடைத்தால் போதாது. சுடும் ஊசி ஓடும் துளைக்குள் கிரீஸ் உறைந்திருந்தால் ஊசி பின்வாங்காமல் முன்னே மாட்டிக்கொள்ளும், மேலே முன்பின் நகரும் ஸ்லைடு மூடும்போதே வெடிக்கலாம். ஊசியைக் கழற்றி, கரைப்பானில் கழுவி மாட்டிய பிறகு, பின்னாலிருந்து அழுத்தி விட்டால் அது தன் ஸ்பிரிங்கால் தானே பின்வாங்க வேண்டும். ஸ்லைடு ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றிவிடலாம், விலை குறைவுதான். பழைய தளர்ந்த ஸ்பிரிங்கில் ஸ்லைடு ஃபிரேமை அடித்து விரிசலாக்கும்.

ரேஞ்சில், கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து, முதலில் ஒரே ஒரு தோட்டா. சரியாகச் சுட்டால் மேகசினில் இரண்டு. ஒரு அழுத்தலுக்கு இரண்டும் போனால் உள்ளே தேய்மானம், அங்கேயே நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் எட்டும். அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே 30 விநாடிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமர் பழசானால் தாமதமாகவும் வெடிக்கும். அசல் டோகரேவில் தனி சேஃப்டி கிடையாது, பாதி ஏற்றிய ஹேமர் மட்டும்தான். கீழே விழுந்தால் அதை நம்ப முடியாது. அறையில் தோட்டாவோடு எடுத்துச் செல்லவே கூடாது. இறக்குமதியின்போது சேர்த்த சேஃப்டி இருந்தாலும் இதே விதிதான்.

பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமரில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு குழலில் மிஞ்சுவது ஒருவகை உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே நாளில் துருவேற்றும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் மேல் எண்ணெய். மறுநாள் காலையில் வெள்ளைத் துணியை விட்டு இழுத்துப் பார்க்கட்டும், பழுப்பு ஒட்டினால் இன்னொரு முறை கொதிநீர்.