அமைதிக்கான அணுசக்தி: ஒப்பந்தம் என்ன சொல்கிறது? (கேள்வி பதில்)

கேள்வி: அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் (என்பிடி) இந்தியா கையெழுத்திடவில்லை. கூடங்குளத்துக்கு ரஷ்யா எப்படி உலை தர முடிந்தது?

பதில்: என்பிடி வேறு, சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பு வேறு. இந்த இரண்டையும் தயவுசெய்து குழப்பாதீர்கள். முகமை வந்தது 1957-ல். என்பிடி 1970-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்திடாத நாடும் குறிப்பிட்ட உலைகளை மட்டும் முகமையின் கண்காணிப்பில் வைக்கலாம். கூடங்குளம் அப்படித்தான் இருக்கிறது. நாட்டின் எல்லா உலைகளையும் காட்டினால்தான் விற்போம் என்ற கெடுபிடியை அணுப்பொருள் விற்பனை நாடுகளின் குழு (என்எஸ்ஜி) 1992-ல்தான் கொண்டுவந்தது. கூடங்குளம் ஒப்பந்தம் 1988-லேயே ஆகிவிட்டது என்பது ரஷ்யாவின் வாதம். 2008 செப்டம்பரில் அந்தக் குழுவே இந்தியாவுக்கு விலக்கு அளித்துவிட்டது.

கேள்வி: அமைதிக்கான அணுசக்தி எல்லா நாட்டுக்கும் "பறிக்க முடியாத உரிமை" என்று என்பிடியின் 4ஆம் பிரிவு சொல்கிறதே, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. யார், எதை, யாருக்குத் தர வேண்டும் என்று அதில் எழுதவில்லை. செறிவூட்டல் (யுரேனியத்தை எரிபொருளாகவோ குண்டுக்கோ ஏற்றதாக்கும் வேலை) என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது. ஈரானோடு நடக்கும் தகராறுக்கு வேர் அதுதான். ஐக்கிய அரபு அமீரகமோ 2009-ல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டபோது செறிவூட்டலைத் தானே விட்டுக்கொடுத்தது.

கேள்வி: அணுஉலைக்குப் பக்கத்தில் இருந்தால் தைராய்டு வருமா?

பதில்: இது என் துறை இல்லை, மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1974 பொக்ரான் சோதனை ஒப்பந்த மீறலா?

பதில்: அந்தச் சோதனைக்கான புளூட்டோனியம் சைரஸ் உலையிலிருந்து வந்தது. அதனால் அந்த உலைக்காகக் கனடாவுடன் போட்ட 1956 ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படிக்க வேண்டும். கனடா கொடுத்த சைரஸ் உலையும் அதில் விளையும் பொருளும் அமைதிப் பணிக்கு மட்டுமே என்று இந்தியா அதில் வாக்குக் கொடுத்தது. அந்த உலை ஓடத் தேவையான கனநீரைத் தந்த அமெரிக்காவும் அதே வாக்கை வாங்கியது. ஆனால் 'அமைதிப் பணி' என்றால் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை, சோதித்துப் பார்க்கவும் வழி வைக்கவில்லை. "இது அமைதிக்கான வெடிப்பு" என்று இந்தியா சொன்னது அந்த ஓட்டை வழியாகத்தான்.

கேள்வி: இது சப்பைக்கட்டு. வெடித்தால் குண்டுதானே?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் அன்று அமெரிக்காவே மண் தோண்ட அணு வெடிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தது. என்பிடியின் 5ஆம் பிரிவு அமைதிக்கான வெடிப்புகளைப் பற்றியே பேசுகிறது.

கேள்வி: கனடா முன்கூட்டியே எச்சரித்ததை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை. 1971-ல் கனடா பிரதமர் பியர் ட்ரூடோ இந்திரா காந்திக்கு எழுதினார், அணு வெடிப்பை 'அமைதிப் பணி' என்று கனடா பொருள் கொள்ளாது என்பது டெல்லிக்குத் தெரியும். அதனால் என் கணிப்பு இதுதான்: எழுத்தை மீறவில்லை, கொடுத்தவரின் நம்பிக்கையை மீறினோம். அதற்கு விலையும் கொடுத்தோம். கனடா உதவியை நிறுத்தியதால் ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது உலையை நாமே கட்டி முடிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: என்பிடியில் சேராத நமக்கு யுரேனியம் விற்பது சட்டவிரோதம்தானே?

பதில்: மறுபடியும் இதே கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கண்காணிப்பு என்றால் என்ன செய்வார்கள்?

பதில்: நல்ல கேள்வி. எரிபொருள் கணக்கைச் சரிபார்ப்பார்கள், கேமரா வைப்பார்கள், முத்திரை போடுவார்கள். நீண்ட காலம் நாணயம் அளவு உலோக முத்திரையைப் பயன்படுத்தினார்கள். அதன் உட்புறத்தில் இருக்கும் கீறல்களை முன்பே படம் எடுத்து வைத்திருந்தார்கள். கழற்றிய முத்திரை முகமையின் தலைமையகம் இருக்கும் வியன்னாவுக்குப் போகும், அங்கே கீறலையும் படத்தையும் ஒப்பிட்டார்கள். சைரஸில் இப்படி எதுவும் இல்லை.

கேள்வி: சைரஸ் இப்போது ஓடுகிறதா?

பதில்: இல்லை. 2006-ல் சிவில் உலைகளையும் ராணுவ உலைகளையும் பிரித்தபோது அதை மூடிவிடுவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. 2010 டிசம்பர் 31-ல் நிறுத்திவிட்டார்கள்.