மழையிலும் மலையிலும் சைக்கிள்: என்ன உடுத்துவது?

ஐப்பசி பிறந்து இரண்டு அடைமழை கொட்டியதும் எங்கள் காலைச் சவாரிக் குழுவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மழைக்கு என்ன போட்டுக்கொண்டு ஓட்டுவது? பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன். பெரும்பாலும் சென்னையின் ஈசிஆர் கடற்கரைச் சாலையில், வருடத்துக்கு ஒரு முறையாவது நீலகிரியிலோ கொடைக்கானலிலோ. அந்த அனுபவத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.

அக்கா, வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு தினமும் சைக்கிளில்தான் ஆபீஸ் போகிறேன். தண்ணீர் உள்ளே வராது, வியர்வை வெளியே போய்விடும் என்று சொல்லி விலை உயர்ந்த ரெயின் ஜாக்கெட் ஒன்றை விற்றார்கள். நாவலூர் தாண்டுவதற்குள் உள்ளே தொப்பலாக நனைந்துவிடுகிறேன். ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை தம்பி. அந்த ஜாக்கெட் வேறு ஊர்க் காற்றுக்காகச் செய்யப்பட்டது.

அதன் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மழைத்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் போகக்கூடிய துளைகள் அதில் உண்டு. ஆனால் நீராவி தானாக வெளியே போகாது. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அந்த வித்தியாசம் அதை வெளியே தள்ளும். 5 டிகிரி குளிரில், மழை பெய்தாலும் காற்றில் மொத்த நீராவி குறைவு. அதனால் அங்கே ஜாக்கெட் நன்றாக வேலை செய்யும். நம் ஊரில் மழை நாளில்கூட 24, 25 டிகிரி இருக்கும், காற்று முழுக்க ஈரம். கணக்குப் போட்டால் தள்ளும் விசை கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. நீங்கள் மிதிக்கும் மிதிக்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்க்கும். அத்தனையும் அந்தச் சவ்வு வழியாகப் போகவே முடியாது.

சென்னை மழையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் நனைவோம், மேலிருந்தோ உள்ளிருந்தோ. அதைத் தடுக்கப் பார்க்க வேண்டாம். நனைந்தபின் குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது முடியும். உடம்பை ஒட்டிய மெல்லிய பாலியெஸ்டர் ஜெர்சி, அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர். கை இல்லாத விண்ட்சீட்டர் கிடைத்தால் நம் ஊருக்கு இன்னும் நல்லது. மிதிக்கும்போது ஜிப்பைப் பாதி திறந்துவிடுங்கள். சிக்னலில் நின்றால், எதிர்க்காற்று அடித்தால் மேலே இழுத்துவிடுங்கள். ஆபீஸ் உடுப்பை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, அதை இன்னொரு கவரில் போட்டுப் பைக்குள் வையுங்கள். அது நனையவே கூடாது.

அந்த ஜாக்கெட்டை வீசிவிடாதீர்கள். ஊட்டிக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்கிறார். உள்ளே பனியன் போட்டுக்கொண்டு மேலே ஜெர்சி போடலாமா?

வீட்டில் இருக்கும்போது அம்மா சொல்வதுதான் சரி. வெயிலிலும் பருத்தி சுகம்தான். மழையில் மட்டும் வேண்டாம்.

நனைந்த பருத்தி பனியனையும் பாலியெஸ்டரில் செய்த டிரைஃபிட் டி-ஷர்ட்டையும் பிழிந்து பால்கனிக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கார்த்திகை மாதத்தில் டி-ஷர்ட் இரவுக்குள் உலர்ந்திருக்கும். பனியனின் அக்குள் தையலையும் கீழ் மடிப்பையும் காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீரை உறிஞ்சாது, இழைகளுக்கு நடுவில் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி இழை தனக்குள்ளேயே குடித்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அந்த ஈரப் பனியனை நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றே அடிக்காத நாளிலும் அந்த வேகத்துக் காற்று உங்கள் மேல் வீசிக்கொண்டிருக்கும்.

பெரிய பிராண்டுதான் வேண்டும் என்றில்லை. திருப்பூரில் தைத்த சாதாரண விளையாட்டு டி-ஷர்ட்டே போதும். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தொளதொளவென்று இருந்தால் நடுவில் காற்று புகுந்து குளிரெடுக்கும்.

ஜீன்ஸ்?

வேண்டாம். நனைந்தால் கனக்கும், தொடை உரசிப் புண்ணாகும், மறுநாளும் உலராது.

பைக் ஓட்டும்போது மழைக்குப் போர்த்திக்கொள்ளும் போஞ்சோ வீட்டில் இருக்கிறது. சைக்கிளுக்கு ஆகுமா?

தெருக்கோடி கடைக்கு மெதுவாகப் போய்வரலாம். ஓஎம்ஆர் மாதிரி லாரிகள் ஓடும் சாலையில் வேண்டாம். காற்றில் பாய்மரம்போல விரியும், பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் சைக்கிளையே இழுக்கும். கீழ் ஓரம் செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் விழுவது நிச்சயம்.

அக்கா, நான் பெரம்பூரில் ஆசிரியை. பள்ளிக்குச் சைக்கிளில் போகிறேன். மழையில் நனைந்தால் உடை ஒட்டிக்கொள்கிறது, கூச்சமாக இருக்கிறது. சுடிதாரில் ஓட்டலாமா?

இதை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. கேட்கத் தயங்கியே மழை மாதங்களில் சைக்கிளை ஓரங்கட்டிவிடும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

வெள்ளை, மஞ்சள், வெளிர் நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். கரும் நிறத்தில் அல்லது சின்னச் சின்ன அச்சு போட்ட பாலியெஸ்டர் டி-ஷர்ட் நனைந்தாலும் ஊடுருவித் தெரியாது. மேலே போடும் விண்ட்சீட்டர் இடுப்புக்குக் கீழே நாலு விரல் இறங்கட்டும், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது. சாலையில் பளிச்சென்று தெரிய வேண்டிய நிறம் அந்த விண்ட்சீட்டரில் இருக்கட்டும். கீழே கறுப்பு டிராக் பேண்ட், கணுக்கால் பக்கம் குறுகலானது. சுடிதாரில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கழுத்தில் முடிந்தாலும் இடுப்பில் கட்டினாலும் ஈரத்தில் அது கனத்துத் தொங்கிச் சக்கரத்தைத் தேடிப் போகும். மாற்றுத் துணியோடு ஒரு மெல்லிய ஈரிழைத் துண்டும் கொண்டுபோங்கள். டர்க்கி டவலைவிட நன்றாகத் துவட்டும், சீக்கிரம் உலரும், பையிலும் இடம் பிடிக்காது.

பின்சக்கரத்துக்கு மட்கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள். முதுகில் ஏறும் சேற்றுக்கோடு எந்தத் துணி போட்டாலும் விடாது.

எனக்கு 63 வயது, அண்ணா நகர். மார்கழி விடியலில் ஓட்டுகிறேன். காதும் தொண்டையும்தான் குளிருகின்றன. மப்ளர் சுற்றிக்கொள்ளலாமா?

ஐயா, மார்கழி, தை விடியலில் நம் ஊர் 20, 21 டிகிரிக்கு இறங்கும். காது குளிர அது போதும். மப்ளரின் நுனி அவிழ்ந்து தொங்கினால் ஆபத்து. குழாய் மாதிரி இருக்கும் பஃப் வாங்குங்கள். கழுத்தில் மாட்டி, காது வரை ஏற்றி, அதன் மேல் ஹெல்மெட் போடலாம். ஹெல்மெட் தளர்ந்துவிடாத அளவுக்கு அது மெல்லியதாக இருக்க வேண்டும்.

புறப்படும்போது இதமாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதற்குள் உடம்பு சூடாகிவிடும். ரத்த அழுத்தம், இதயம் சம்பந்தமாக மருந்து எடுக்கிறீர்கள் என்றால், விடியற்குளிரில் ஓட்டுவதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டிசம்பரில் நண்பர்கள் நால்வர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி இறங்கப்போகிறோம். மலை ஏறினால் வியர்க்கத்தானே செய்யும், எதற்கு இத்தனை துணி என்கிறான் ஒருவன்.

அந்த நண்பருக்கு இதை அவசியம் படித்துக் காட்டுங்கள்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800 மீட்டருக்குப் பக்கம். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும். கீழே 25 என்றால் மேலே 15, மூடுபனி இறங்கினால் அதற்கும் கீழே. ஏறும்போது இது தெரியவே தெரியாது, உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். இறங்கும்போது மிதிப்பதே இல்லை, அடுப்பு அணைந்துவிடும். உடம்பிலோ ஏறும்போது வந்த வியர்வை அத்தனையும் ஈரமாக ஒட்டியிருக்கும். எதிர்க்காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும்.

சில வருடங்களுக்கு முன் அதே சாலையில் நான் இதை அனுபவித்தேன். ஜெர்சிக்குள் பருத்தி பனியன். மேலே போய் டீ குடித்து, படமெல்லாம் எடுத்துவிட்டு, அப்படியே இறங்க ஆரம்பித்தேன். சில வளைவுகளுக்குள் விரல்கள் விறைத்துப்போயின. பிரேக் லிவரை அழுத்துகிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். பிறகு உடம்பு வெடவெடவென்று ஆட, ஹேண்டில்பாரும் சேர்ந்து ஆடியது. வழியில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்திவிட்டேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு டம்ளர் வெந்நீரைக் கையில் கொடுத்து, குடிக்காதே, பிடித்துக்கொண்டு நில் என்றார். பிறகு பழைய செய்தித்தாள் ஒன்றை நாலாக மடித்து, நெஞ்சில் வைத்து ஜிப்பைப் போடு என்றார். அந்தத் தாள் ஒவ்வொரு மூச்சுக்கும் மொறமொறத்தது. கீழே போய்ச் சேரும் வரை நெஞ்சில் காற்று படவில்லை. ஐரோப்பாவின் மலைப் பந்தயங்களில் உச்சியில் நிற்பவர்களிடம் செய்தித்தாளை வாங்கி நெஞ்சில் செருகிக்கொண்டு வீரர்கள் இறங்குவார்கள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஏறும்போது ஒரே ஒரு மெல்லிய பாலியெஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஜெர்சி, ஜிப் திறந்தபடி. ஜிப்லாக் கவரில் இன்னொரு உலர்ந்த உள்ளாடை, கைக்குழல்கள் (கையில் மாட்டும் துணிக்குழாய்), மெல்லிய ஃப்ளீஸ் (கதகதப்பான மேலாடை), விண்ட்சீட்டர், முழுவிரல் கிளவுஸ். உச்சிக்குப் போனதும் டீக்கு முன்னால் ஈர உள்ளாடையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். ஃப்ளீஸும் விண்ட்சீட்டரும் போட்டபின் டீ. குளிர ஆரம்பித்தபின் போடும் துணி உங்களைச் சூடாக்காது, மிச்சமிருக்கும் சூட்டைத்தான் காக்கும். மழை வலுத்தால் விண்ட்சீட்டருக்குப் பதில் தண்ணீர் புகாத ஜாக்கெட். இங்கே அதன் சவ்வு ஒழுங்காக வேலை செய்யும்.

மெரினோ கம்பளி உள்ளாடை வாங்க வசதி இருந்தால் மலைக்கு அதைவிட நல்லது இல்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது.

கூட வருபவர் பேச்சு குழறினால், ஜிப் போடவே கை தடுமாறினால், அவரை இனி ஒரு வளைவுகூட ஓட்ட விடாதீர்கள். ஈரமும் காற்றும் சேர்ந்தால் 10, 15 டிகிரியிலேயே உடல்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உலர்ந்த துணி, சூடான இனிப்பு டீ, நாலு சுவருக்குள் ஓரிடம். நடுக்கம் நின்ற பிறகும் பேச்சு தெளியவில்லை என்றால் மருத்துவமனை.

கண்ணாடி போடுகிறேன். மழைத்துளி விழுந்து எதுவும் தெரியவில்லை.

ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்பு உள்ள மெல்லிய சைக்கிள் தொப்பி போடுங்கள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் துளி விளிம்போடு நின்றுவிடும். ஹெல்மெட்டின் மேல் ஷவர் கேப் மாட்டினால் தலையும் நனையாது.

ஷூவுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க வழி?

மேல்வழியாக, சாக்ஸ் வழியாக எப்படியும் போகும். தண்ணீர் புகாத ஷூ என்றால் போன தண்ணீர் வெளியே வராது. நம் ஊருக்கு வலை வைத்த ஷூவே மேல். மலைக்குப் போனால் சாக்ஸுக்கு மேல் பிரெட் கவரைச் சுற்றி ஷூவைப் போடுங்கள், விரல்களில் காற்று படாது. வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத்தகட்டை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்தத் தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குப் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

தேங்கிய தண்ணீரில் காலை ஊன்ற நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காலில் புண், வெடிப்பு இருக்கும் நாளில் அந்தச் சாலைப் பக்கமே போகாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. மழை விட்ட பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என் ரெயின் ஜாக்கெட்டில் முன்பெல்லாம் துளி உருண்டோடும். இப்போது துணியே ஊறிப்போகிறது.

கம்ஃபோர்ட் மாதிரி எதையாவது ஊற்றித் துவைத்தீர்களா? அந்த மென்மையாக்கிகள் துளியை உருண்டோட வைக்கும் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். சாதாரண பவுடரின் மிச்சமும் அப்படித்தான். மிதமான திரவ சோப்பில் துவைத்து, இரண்டு மூன்று முறை நன்றாக அலசி, உலர்ந்தபின் லேபிளில் அனுமதி இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் பூச்சு ஓரளவு உயிர்பெறும். அப்படியும் ஊறினால் பூச்சு ஸ்பிரே வாங்கி அடியுங்கள்.

முதல்முறை 300 கிலோமீட்டர் பிரெவே (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) போகிறேன். இரவு முழுக்க ஓட்ட வேண்டும், மழையும் இருக்கும்போல. எதை மறக்கக் கூடாது?

20 மணி நேரக் கெடுவில் உங்களை வீழ்த்தப்போவது குளிரைவிட உரசல்தான். நனைந்த பேடட் (மெத்தை வைத்த) ஷார்ட்ஸில் பல மணி நேரம் உட்கார வேண்டும். உரசலைத் தடுக்கும் கிரீமைத் தாராளமாகத் தடவுங்கள், பாதி வழியில் மறுபடியும் தடவுங்கள். ஜெர்சிக்குள் போட உலர்ந்த உள்ளாடை ஒன்று, சாக்ஸ் ஒரு ஜோடி ஜிப்லாக்கில் இருக்கட்டும். அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் தூக்கம் கண்ணை இழுக்கும்போது உடம்பு தானாகவே குளிரும், அப்போது மாற்றுங்கள்.

ரிஃப்ளெக்டர் வெஸ்ட் விதிப்படி கட்டாயம். அதை விண்ட்சீட்டருக்கு உள்ளே போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு, வெளியேதான் தெரிய வேண்டும். கணுக்காலிலும் ஒளிரும் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் அந்தப் பட்டையைப் பார்த்தாலே, முன்னால் போவது சைக்கிள் மிதிக்கும் ஒரு மனிதர் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும்.

பணம் குறைவு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

விண்ட்சீட்டர். அடுத்தது மட்கார்டு. மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

என் மகன் ஏழாம் வகுப்பு, பள்ளிக்குச் சைக்கிளில் போகிறான். ரெயின்கோட்டைப் புத்தகப் பைக்கு மேலே சேர்த்துப் போடவா, பைக்குக் கீழேயா?

கீழே போடுங்கள், அம்மா. பைக்கு மேலே போட்டால் முதுகு கூன் மாதிரிப் புடைத்து, கோட்டின் முன்பக்கம் இழுபட்டுத் தொடை நனையும், திரும்பிப் பார்க்கவும் முடியாது. பைக்குத் தனியாக உறை மாட்டி, புத்தகங்களை உள்ளே ஒரு பாலித்தீன் கவரில் வையுங்கள். கோட்டின் தலைமூடி வேண்டாம், அது பக்கப் பார்வையை மறைக்கும், ஹாரன் சத்தத்தையும் குறைக்கும். தொப்பியும் ஹெல்மெட்டும் போதும். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ. தெருவில் தண்ணீர் தேங்கிச் சாலையே தெரியாத நாளில் அவனை ஓட்ட விடாதீர்கள். மூடியில்லாத சாக்கடைக் குழியும் அறுந்து விழுந்த மின்கம்பியும் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்குப் பேருந்தில் அனுப்புங்கள்.