வாசகர் கேள்வி–பதில்: டார்டன் தின ஊர்வலம்

கேள்வி: ஏப்ரல் மாதத்தில் நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவில் ஸ்காட்லாந்து வம்சாவளியினர் கில்ட் உடை அணிந்து, பேக்பைப் முழங்க அணிவகுத்துச் செல்வதைப் படங்களில் பார்த்தேன். அவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: அதற்கு 'டார்டன் தினம்' என்று பெயர் (டார்டன் என்பது கில்ட் தைக்கப் பயன்படும் கட்டம் போட்ட துணி). இங்கிலாந்தின் மேலாதிக்கத்தை ஏற்க மாட்டோம் என்று ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப் 22ஆம் ஜானுக்கு லத்தீனில் எழுதிய 'ஆர்ப்ரோத் பிரகடனம்' 1320 ஏப்ரல் 6 எனத் தேதியிடப்பட்டது. தாங்கள் மன்னராக ஏற்றுக்கொண்ட ராபர்ட் புரூஸே நாளை இங்கிலாந்துக்குப் பணிந்தாலும், அவரை விரட்டிவிட்டு வேறொருவரை அரசராக்குவோம் என்று அதில் துணிந்து எழுதியிருக்கிறார்கள். (அந்தக் கடிதம் மன்னரின் அலுவலகத்திலேயே தயாராகியிருக்க வேண்டும் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுவது வேறு கதை.) அமெரிக்க செனட் 1998இல் இந்நாளை அங்கீகரித்தது.

ஆஸ்திரேலியாவிலோ ஜூலை 1ஆம் தேதி கொண்டாடுகிறார்கள். ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற முயன்ற ஜாகோபைட் கிளர்ச்சி 1746இல் கலோடன் போரில் முறியடிக்கப்பட்டதும், ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்டின் உடையைப் படைவீரர் அல்லாத ஆண்கள் அணிவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. முதல்முறை அகப்பட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். அச்சட்டம் 1782 ஜூலை 1 அன்று நீக்கப்பட்டது. உடையையே முன்னிறுத்தும் ஊர்வலத்துக்கு, என்னைக் கேட்டால், இந்தத் தேதிதான் கூடுதல் பொருத்தம்.

கேள்வி: அதே சட்டம் பேக்பைப்பையும் தடைசெய்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: பரவலாகச் சொல்லப்படுவதுதான், ஆனால் சட்ட வாசகத்தில் பேக்பைப் பற்றிய பேச்சே இல்லை. ஜாகோபைட் படையில் பேக்பைப் வாசித்துப் பிடிபட்ட ஜேம்ஸ் ரீடின் வழக்கு இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்திருக்கலாம். தாம் ஆயுதம் ஏந்தவில்லை, வாத்தியம் வாசித்ததோடு சரி என்று அவர் வாதிட்டபோது, அதன் ஓசையின்றி ஹைலாண்டுப் படை நடைபோடுவதில்லை, ஆகவே அதுவும் போர்க்கருவியே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 1746இல் யார்க் நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி: வாசிப்பவர் மூச்சு வாங்கும்போதும் ஓசை நிற்காதது எப்படி?

பதில்: ஊதும் காற்று நேரே குழலுக்குப் போகாமல், கக்கத்தில் இடுக்கிய பையில் சேர்கிறது, மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் கையால் பையை அழுத்திக் காற்றோட்டத்தை அறுபடாமல் காக்கிறார்கள். தோள்மீது சாய்ந்திருக்கும் மூன்று ட்ரோன் குழல்கள், நாதஸ்வரத்துக்கு ஒத்து இசைப்பதுபோல, விடாமல் சுருதி பிடிக்கின்றன. மெட்டு வாசிக்கும் சாண்டர் குழலில் இருப்பவை ஒன்பது சுரங்கள் மட்டுமே. வாசிக்கும்போது ஓசையை இடையில் நிறுத்தவோ கூட்டிக் குறைக்கவோ வழியில்லாததால், ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க வேண்டுமானால், நடுவே வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டுத்தான் பிரித்துக் காட்ட முடியும். கூர்ந்து கேளுங்கள், வாசிப்பவரின் திறமை இந்தத் தொடுசுரங்களில்தான் தெரியும்.

ஊர்வலத்தில் கேட்பவை பெரும்பாலும் நடைமெட்டுகள். தனி ஒருவர், ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதை நிதானமாகப் பலவிதமாக விரித்து வாசிக்கும் 'பீப்ராக்' என்ற செவ்விசை வடிவத்தை வீதி இரைச்சலில் எதிர்பார்க்க இயலாது. அதற்கு அரங்கத்துக்கோ இசைப் போட்டிக்கோதான் போக வேண்டும்.