மறுப்புக்குப் பிறகு வந்த எம்ஆர்ஐ அறிக்கையை பிப் மேல்முறையீட்டில் சேர்ப்பது

மார்ச்சில் பிப் (PIP, பிரிட்டனில் நீண்டகால நோயோ உடல்குறைபாடோ உள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகை) மறுத்துவிட்டார்கள், ஜூனில்தான் முதுகு எம்ஆர்ஐ அறிக்கை வந்தது, இப்போது சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ட்ரிப்யூனல் (மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம்) பார்ப்பது, மறுப்பு முடிவு எடுத்த தேதியில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதைத்தான். அறிக்கையை மட்டும் அனுப்பினால், பிறகு வந்த பாதிப்பு என்று ஒதுக்கிவிட இடமுண்டு. அதனால் ஜிபியிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) கடிதம் கேளுங்கள்: ஸ்கேனில் தெரிவது மார்ச்சுக்கு முன்பே இருந்த அதே வலிக்கான காரணம்தானா, அப்போது என்ன மருந்து எழுதினார், தேதியோடு.

பிப் கிடைப்பது புள்ளிகளை வைத்துத்தான்; அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்துக்குத்தான் புள்ளி, நோயின் பெயருக்குக் கிடையாது, இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 'டிஸ்க் பிதுக்கம்' என்பதைவிட, 'அடுப்பு முன் ஐந்து நிமிடம் நின்றால் கால் மரத்துப்போகிறது, வாரத்தில் ஐந்து நாள் இப்படி' என்பதற்கே எடை அதிகம். பாதிக்கு மேற்பட்ட நாள்களில் சிரமம் இருக்க வேண்டும். ஒரு வேலைக்கு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் நேரமானால் அதையும் எழுதுங்கள்.

நகல்களை நேராக ட்ரிப்யூனலுக்கே அனுப்புங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கட்டும். விசாரணையன்று கையில் கொண்டுபோனால் ஒத்திவைக்க நேரிடலாம். ஜிபி தாமதித்தால், கடிதம் வரவிருக்கிறது என்று இப்போதே எழுதி அவகாசம் கேளுங்கள்.