பனிச்சறுக்கில் ஸ்பான்சர் கிடைக்க எவ்வளவு திறமை வேண்டும்? யாருக்கு எழுத வேண்டும்?

நான்கு பருவங்கள், ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) செய்யும் ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்த கடைநிலை வீரனாக இருந்தேன். பிறகு வேறொரு நிறுவனத்தில், ஸ்பான்சர் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை. கேட்கிற இடத்திலும் கொடுக்கிற இடத்திலும் இருந்தவன் என்பதால் பதில் எழுதத் துணிகிறேன்.

திறமை இல்லாமல் முடியாது. ஆனால் திறமைக்குப் பரிசாக யாரும் ஸ்கீ கொடுப்பதில்லை. உங்களைப் பார்த்து நான்கு பேர் அந்த ஸ்கீயை வாங்குவார்களா என்பதுதான் கணக்கு. இது கசப்பாக இருந்தால், சொந்தக் காசில் ஸ்கீ வாங்கி நிம்மதியாகச் சறுக்குவதே மேல், நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

ஸ்பான்சர் என்றதும் சம்பளமும் ஹெலிகாப்டரும் நினைவுக்கு வரும். உண்மையில் அது படிப்படியான ஏணி. முதலில் தள்ளுபடி விலை. அடுத்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஜோடி ஸ்கீ இலவசம். அதற்கு மேல் பயணச் செலவு, போட்டியில் வென்றால் ஊக்கத்தொகை. சம்பளம் உச்சியில் இருக்கிறது. அங்கே வெகு சிலர்தான். என் முதல் ஒப்பந்தம் அரைப் பக்கம். இரண்டு ஜோடி ஸ்கீ இலவசம், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்குக்குத் தள்ளுபடி, பதிலுக்கு டெமோ நாட்களில் நான் கூடாரத்தில் நிற்க வேண்டும்.

டெமோ நாள் என்பது பொதுமக்கள் புதிய ஸ்கீக்களைப் போட்டுப் பார்க்கும் நாள். வருகிறவரின் எடை, உயரம், வயது, எப்படிச் சறுக்குவார் என்றெல்லாம் கேட்டு, பூட்ஸ் அடியின் நீளத்துக்குத் தக்கபடி பைண்டிங்கை நகர்த்தி, விழும்போது அது பூட்ஸை விடுவிக்கும் அளவைத் திருகுளியால் சரிசெய்ய வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு அந்தத் திருகைத் திருப்ப முடியாது. அப்படி ஒரு டெமோ நாளில் மாலைக்குள் என் விரல்கள் மரத்துப்போயின. அன்று ஒருமுறைகூட நான் சறுக்கவில்லை. மறு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, விற்பனைப் பிரதிநிதி என் போட்டி முடிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அன்றைக்கு நீ கூடாரத்தை விட்டு நகரவில்லை" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே, யாருக்கு எழுதுவது என்றால், தலைமை அலுவலகத்துக்கு அல்ல. நீங்கள் வழக்கமாகச் சறுக்கும் மலைக்கு வந்துபோகும் விற்பனைப் பிரதிநிதியைப் பிடியுங்கள். அவரை உங்களுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் ஸ்கீ கடைக்காரருக்குத் தெரியும். கடையின் சார்பில் சறுக்குவதுதான் பலருக்கு முதல் படி. மின்னஞ்சலை வசந்த காலத்தில் அனுப்புங்கள். அடுத்த பருவத்தின் ஆர்டர்களும் செலவுத் திட்டமும் முடிவாகும் காலம் அது. டிசம்பரில் பனி விழுந்த பிறகு உற்சாகமாக எழுதுகிறவர்களுக்கு நான் அனுப்பிய பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கைவசம் ஒன்றும் இல்லை.

வீடியோ ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உங்களின் மிகச் சிறந்த தாவல் முதலில் வரட்டும், கடைசியில் அல்ல. இடையில் வெட்டாத ஒரு முழு இறக்கமும் இருக்கட்டும். தாவல்களுக்கு நடுவே ஒருவர் எப்படிச் சறுக்குகிறார் என்பதில்தான் உண்மை தெரியும். நான் முதன்முதலில் அனுப்பிய வீடியோ சூரிய உதயம், மேகம், மினுமினுக்கும் என் பெயர் என்று இருபத்தைந்து விநாடிகள் போனது. "மலையை நாங்களும் பார்த்திருக்கிறோம்" என்று பதில் வந்தது.

வீடியோ வழியாக மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஸ்கீ வீரர் டாம் வாலிஷ் 2007இல் சூப்பர்அன்னோன் என்ற வீடியோ போட்டியில் வென்றுதான் வெளியே தெரிந்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது கனடா வீரர் மைக் டக்ளஸ் கதை. 1990களின் பிற்பகுதியில் அவரும் நண்பர்களும் இருமுனையும் வளைந்த ஸ்கீ வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதி, தாங்கள் சறுக்கும் வீடியோவையும் சேர்த்து நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். பல நிறுவனங்கள் மறுத்தன. சாலமன் ஒப்புக்கொண்டது, 1998இல் டென்எய்ட்டி என்ற பெயரில் அந்த ஸ்கீ வெளிவந்தது. எனக்கு ஸ்கீ கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, இதைச் செய்தால் விற்கும் என்றார்கள். உங்கள் மின்னஞ்சலிலும் அந்தத் தொனி இருக்கட்டும்.

வேகப் பந்தயம் உங்கள் துறை என்றால் வழி வேறு: கிளப், தரப்புள்ளிகள், தேசிய அணி, பிறகு அணி வழியாக உபகரணம். ஹெல்மெட்டின் நெற்றிப் பகுதிதான் பெரும்பாலும் வீரர் தானே விற்கக்கூடிய விளம்பர இடம். அமெரிக்கப் பந்தய வீராங்கனை மிகேலா ஷிஃப்ரினின் தலையில் பரில்லா என்ற பாஸ்தா நிறுவனத்தின் பெயர் வந்தது அப்படித்தான். ஃப்ரீரைடு, அதாவது சீர்செய்யாத மலைச்சரிவில் சறுக்குவது, என்றால் ஃப்ரீரைடு வேர்ல்டு டூர் என்ற போட்டித் தொடரின் தகுதிச் சுற்றுகளில் தொடங்குங்கள். பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் காயம் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். நான் படிக்கவில்லை. நான்காம் பருவத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. சறுக்க முடியாத வீரரை விலக்கலாம் என்று அந்த அரைப் பக்கத்திலேயே இருந்தது, விலக்கினார்கள். சிகிச்சைச் செலவு என்னுடையது, காப்பீடு எடுக்காத முட்டாள்தனமும் என்னுடையது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பிரதிநிதி அழைத்தார். அப்போது அவர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தார். விண்ணப்பங்களைப் பார்க்க ஆள் வேண்டும், உட்கார்ந்த இடத்து வேலைதான், வருகிறாயா என்று கேட்டார்.