அண்ணாச்சியிட்ட கேளுங்க: டிசம்பர் லீவும் ஜெர்மன் குளிரும்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம். இந்த அக்டோபர்லதான் ஜெர்மனில டிரெஸ்டன்ல எம்.எஸ். சேந்தேன். டிசம்பர் 24-லேருந்து ஜனவரி 3 வரைக்கும் லீவு. பிராக், வியன்னா, புடாபெஸ்ட், சூரிச், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம்னு பத்து நாள்ல ஆறு ஊர் பிளான் போட்டிருக்கேன். ராத்திரி பஸ்லயே தூங்கிட்டா ரூம் காசு மிச்சம்னு நெனைக்கேன். கிறிஸ்துமஸ் மார்க்கெட்டும் பாக்கணும். சரியா வருமா? (பேரு போடாதீங்க, அப்பா இதைப் படிப்பாவ.)

பதில்: பேரு போடலடே, பயப்படாத. ஆனா உன் பிளானைப் பாத்தா நானே ஒங்க அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிரலாமான்னு இருக்கு. நம்ம பக்கம் நவதிருப்பதி ஒரே நாள்ல பாக்கப் போற கோஷ்டி உண்டுல்லா, நடை சாத்துறதுக்குள்ள அடுத்த கோவில் அடுத்த கோவில்னு ஓடி, வீட்டுக்கு வந்த பொறவு எந்தப் பெருமாள் எந்த ஊர்ல இருந்தாருன்னு கேட்டா முழிப்பாவ, அதேதான். அதுலயும் அங்க டிசம்பர்ல காலைல எட்டு மணிக்கு மேலதான் விடியும், சாயங்காலம் நாலுக்கெல்லாம் இருட்டிரும். மொத்தப் பகலே எட்டு மணி நேரம், நம்மூர்ல அதே நாளைக்கு பதினொண்ணரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும், அந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டு பிளான் போட்டா எல்லாம் பொய்யாப் போயிரும்.

ராத்திரி பஸ் விசயம் கேளு. அது உன்னைக் காலைல அஞ்சு மணிக்கு எறக்கி விட்டுரும். விடிய இன்னும் மூணு மணி நேரம், ஹாஸ்டல்ல ரூம் குடுக்கதுக்கு மத்தியானம் ரெண்டு மூணு ஆகும், அதுவரைக்கும் முதுகுல மூட்டையோட மைனஸ் மூணு டிகிரில எங்க நிப்ப? நான் படிக்கப் போன காலத்துல இப்படித்தான் காசு மிச்சம் பண்ணப் போயி, டிசம்பர் 26 ராத்திரி கடைசி வண்டியத் தவற விட்டு, ஒரு சின்ன ஸ்டேஷன்ல வெயிட்டிங் ரூம் கூட இல்லாம ரெண்டரை மணி நேரம் நடந்துக்கிட்டே இருந்தேன், உக்காந்தா செத்துருவேன்னு பயம். கால்ல கேன்வாஸ் ஷூ, அதுவும் நனைஞ்சது. அந்தப் பெருவிரல் இன்னிக்கும் குற்றாலத்துல சாரல் அடிச்சா லேசா மரத்துப் போகுது. மிச்சம் பண்ணுனது எவ்வளவுன்னு கேக்காத, வெக்கமா இருக்கு.

மார்க்கெட் கதை இன்னும் கூத்து. நீ 24-ஆம் தேதி கெளம்புத, டிரெஸ்டன் ஸ்ட்ரீட்சல்மார்க்ட் அன்னிக்கு மத்தியானத்தோட கடையக் கட்டிரும். 1434-லேருந்து நடக்குற சந்தை, ஜெர்மனிலயே ரொம்பப் பழசுன்னு பேரு வாங்குனது, அது உன் ரூமுக்குப் பக்கத்துல இருக்கு, அத விட்டுட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு மார்க்கெட் பாக்கப் போறேங்க! டிசம்பர் முதல் வாரத்துலயே கிளாஸ் முடிஞ்ச கையோட சாயங்காலமா போயிட்டு வா. இருட்டுனாத்தான் அதுக்கு அழகே. சூடா ஒயின் விப்பாவ, வேண்டாம்னா கிண்டர்புன்ஷ்னு கேளு, அதுல சாராயம் கெடையாது. கப்புக்குத் தனியா டெபாசிட் வாங்குவாவ, திருப்பிக் குடுத்தா காசு வந்துரும், தூக்கிப் போட்டுறாத.

25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை, கடை எதுவும் இருக்காது. 27 ஞாயித்துக்கெழமையா வந்துட்டா மூணு நாள், ஏன்னா அங்க ஞாயிறும் கடை அடைப்புதான். பெரிய ஸ்டேஷனுக்குள்ள இருக்குற கடைதான் கதி. 24 காலைலயே அரிசி, பால், முட்டை வாங்கிப் போட்டுக்கோ, இல்லன்னா பண்டிகை அன்னிக்கு பிரெட்டுக்கு அலையணும்.

நான் சொல்லுதது இதுதான். 26 வரைக்கும் டிரெஸ்டன்லயே இரு. ஒரு நாள் எஸ்-பான்ங்கிற லோக்கல் ரயில் ஏறி ராதன்ல எறங்கி, எல்பே ஆத்தைப் படகுல தாண்டி பாஸ்டைக்கு ஏறு, ஆத்துக்கு மேல 194 மீட்டர் ஒசரத்துல பாறை, பாறைக்குப் பாறை கல்பாலம், 1851-ல கட்டுனது. பனி உறைஞ்சு படி வழுக்கும், பைய நட. இன்னொரு நாள் கோர்லிட்ஸ் போ, நைசே ஆத்துப் பாலத்தைத் தாண்டுனா போலந்து, நடந்தே ரெண்டாவது நாடு பாத்துட்டேன்னு ஸ்டேட்டஸ் போட்டுக்கோ. ரெண்டுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும், ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான மாசப் பாஸ் அது. 2023 மே மாசம் 49 யூரோவுல ஆரம்பிச்சது, 2025-ல 58, 2026 ஜனவரிலேருந்து 63. மாணவர்களுக்கு யுனிவர்சிட்டி ஃபீஸுலயே அடங்குனா மாதிரி டிக்கெட் நெறைய எடத்துல உண்டு, மொதல்ல அதப் பாரு. வேகமா ஓடுற ஐசிஇ, இன்டர்சிட்டில மட்டும் ஏறிறாத, அதுக்கு இது செல்லாது.

பொறவு 27-லேருந்து 30 வரைக்கும் பிராக், ஒரே ஊரு, மூணு ராத்திரி. பஸ்ல ரெண்டு ரெண்டரை மணி நேரந்தான், பகல் பஸ்ல போ. அங்க பழைய ஊர்ச் சதுக்கத்து மார்க்கெட் பெரும்பாலும் ஜனவரி 6 வரைக்கும் ஓடும், உனக்கு ரெண்டாவது தடவை கெடைச்ச மாதிரி. யூரோ கெடையாது, கொருனா. தெருவுல காசு மாத்தாத, கார்டையே தேய். விசாவுக்காக செலவுக் காசை மொத்தமாப் போட்டு வச்ச பிளாக்டு அக்கவுண்ட்லேருந்து மாசம் 992 யூரோதான வருது, வாடகை போக மிச்சத்துல பாரிஸும் சூரிச்சும் தாங்காது தம்பி.

ஒரு விசயம் மறந்தே போயிட்டேன். பாஸ்போர்ட் ஒண்ணு, விசாவோ ரெசிடென்ஸ் கார்டோ ஒண்ணு, ரெண்டும் கையில இருக்கணும், போட்டோ எல்லாம் ஒத்துக்கிட மாட்டாவ. அத வச்சு ஷெங்கன்னு சொல்லுற, ஒரே விசா செல்லுற ஐரோப்பிய நாடுகள்ல 180 நாளைக்கு 90 நாள் சுத்தலாம், லண்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேணும். நீ புதுசா போனவன், விசா தேதி முடிஞ்சு கார்டு வராம நடுவுல ஒரு பேப்பர் மட்டும் குடுத்திருந்தா, அதை நம்பி எல்லை தாண்டாத, ஆபீஸ்ல கேட்டுக்கிட்டுப் போ.

கேள்வி: எம்மவன் ஸ்வீடன்ல படிக்கான். லீவுக்கு நார்வே போயி வானத்துல பச்சை வெளிச்சம் பாக்கப் போறானாம். குளிருக்கு என்ன குடுத்து விடட்டும்? பால்கோவா அனுப்பலாமா? (ஒரு தாயார், தென்காசி)

பதில்: அக்கா, பால்கோவா வேண்டாம். வெளிநாட்டுலேருந்து பால் பண்டமும் கறியும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு போவக் கூடாது, ஏர்போர்ட்ல புடிச்சா குப்பைலதான் போடுவாவ, ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து வாங்குன பால்கோவான்னாலும் அதே கதிதான். கோவில்பட்டி கடலைமிட்டாய் குடுத்து விடுங்க, பைல கெடந்தா பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது ஒண்ணு வாயில போட்டுக்கிடலாம். பருப்புப் பொடியும் குடுக்கலாம்.

துணிமணி இங்க தேடி அலையாதீங்க, நம்ம ஊர்ல கெடைக்கிற ஸ்வெட்டர் கொடைக்கானலுக்குச் சரி. அங்கயே செகண்ட் ஹேண்ட் கடைல நல்ல கோட்டு கெடைக்கும். நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான், பருத்தி பனியனை உள்ள போடாதல, வேர்வைய வச்சுக்கிட்டே குளிர வைக்கும், கம்பளி இல்லன்னா தெர்மல் போடுன்னு. ஒரே தடிக் கோட்டு போடாம மூணு அடுக்காப் போடணும், கட்டடத்துக்குள்ள இருபது டிகிரி சூடு இருக்கும், கழட்டிக்கிடலாம். ஷூ மட்டும் காசு பாக்காம தண்ணி புகாததா வாங்கச் சொல்லுங்க, செலவுக்குன்னு அனுப்புற காசை அதுக்கே அனுப்புங்க.

நார்வேக்கு வடக்க இருக்குற டிராம்சோ ஊருக்குத்தான் போறான்னு நெனைக்கேன். நவம்பர் கடைசிலேருந்து ஜனவரி நடு வரைக்கும் அங்க சூரியனே உதிக்காது, மத்தியானம் கொஞ்ச நேரம் அந்தி மாதிரி வெளிச்சம் வரும், அவ்வளவுதான். ஆனா கடலோரம், வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் போறதால நீங்க பயப்படுற அளவுக்குக் குளிராது. மேகம் மூடிட்டா பச்சையும் தெரியாது நீலமும் தெரியாது, அதனால ஒரு ராத்திரிக்குப் போவாம மூணு நாலு ராத்திரி தங்கணும். செல்போனைச் சட்டைக்குள்ள வைக்கச் சொல்லுங்க, குளிர்ல சார்ஜ் பொசுக்குனு எறங்கிரும், டிக்கெட்டு அதுலதான இருக்கு.

கேள்வி: பேத்தி லைப்சிக்ல படிக்கா. லீவுல தமிழ் சம்பந்தமா பாக்க அங்க ஏதாவது உண்டா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: அய்யா, உண்டு. லைப்சிக்லேருந்து ஹாலேங்கிற ஊரு பக்கத்துலதான். அங்க ஃபிராங்கேங்கிற பாதிரியார் 1698-ல ஆரம்பிச்ச கல்விக்கூடம் இருக்கு, தரங்கம்பாடிக்கு 1706-ல வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படிச்ச ஊரு அது. அவரும் பொறவு வந்தவங்களும் அனுப்புன தமிழ் ஓலைச்சுவடி அங்க காப்பகத்துல இருக்கு, காட்சிக்கூடமும் உண்டு. தெறந்திருக்குற நாளைப் பாத்துட்டுப் போவச் சொல்லுங்க. நீங்க தெனம் பாக்குற ஊசிக் கோபுரத்துச் சர்ச்சைக் கட்டுன மிஷனரி ரேனியஸும் அந்தக் கால ஜெர்மன் நாடான பிரஷ்யாக்காரர்தான், 1820-ல பாளையங்கோட்டைக்கு வந்தவரு, இங்கயே அடக்கமும் ஆனவரு.

சீகன்பால்கு பொறந்தது புல்ஸ்னிட்ஸ், அம்பாசமுத்திரத்துப் பையன் இருக்கானே, அவன் டிரெஸ்டன்லேருந்து லோக்கல் ரயில்ல முக்கால் மணி நேரத்துல போயிரலாம். அந்த ஊரு பேர் போனதே ஃபெஃபர்கூஹன்ங்கிற கிறிஸ்துமஸ் பண்டத்துக்குத்தான். பேருல மிளகு இருக்கு, உள்ள மிளகு கெடையாது, கிராம்பும் பட்டையும் இஞ்சியும்தான், அந்தக் காலத்துல கடல் தாண்டி வந்த மசாலா எல்லாத்துக்கும் மிளகுன்னே பேரு வச்சிட்டாவ. நான் தின்னப்போ எங்க ஆச்சி சுக்குக் கருப்பட்டி நெனப்புதான் வந்துச்சு. பேத்திகிட்ட ஒரு டப்பா வாங்கியாறச் சொல்லுங்க, பல்லுக்குக் கொஞ்சம் கெட்டிதான், காப்பில முக்கித் தின்னுங்க.